281 வாக்குகள்: பதுளைத் தோட்டங்களின் தேர்தல் கணக்கு

2015 ஜனவரி 8ஆம் திகதி நடைபெற்ற ஜனாதிபதித் தேர்தலில் பதுளை மாவட்டம் வழங்கிய தீர்ப்பு இது. மைத்திரிபால சிறிசேன 249,524. மகிந்த ராஜபக்ச 249,243. வித்தியாசம் 281. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்த ஒரு மாவட்டத்தில், ஒரு நடுத்தரத் தோட்டத்தின் இரண்டு டிவிஷன்களில் உள்ள வாக்காளர் தொகையளவே இந்த வித்தியாசம்.

அமெரிக்கத் தேர்தல்களை விடிய விடிய இருந்து பார்க்கும் நம்மவர்கள் பலருக்கு 537 என்ற எண் நினைவில் இருக்கும். 2000ஆம் ஆண்டில் புளோரிடா மாநிலத்தில் ஜோர்ஜ் புஷ், அல் கோரை விட 537 வாக்குகள் அதிகம் பெற்றார். வெள்ளை மாளிகை அவருக்குக் கிடைத்தது. பதுளையின் 281க்கு அத்தகைய வல்லமை கிடையாது. இலங்கையில் நாடு முழுவதும் ஒரே தொகுதியாகக் கணக்கிடப்படுவதால், பதுளையில் எவர் முந்தினாலும் நாட்டின் மொத்தத்தில் அது ஒரு துளிதான். ஆயினும் ஊசல் எந்தப் பக்கம் ஆடுகிறது என்பதைப் பார்க்க விரும்புவோருக்குப் பதுளையை விடப் பொருத்தமான மாவட்டம் இலங்கையில் இல்லை என்பது என் கருத்து.

எண்களைப் பாருங்கள். 2005இல் ரணில் விக்கிரமசிங்க இங்கு 33,848 வாக்குகளால் முந்தினார். 2010இல் மகிந்த 38,744 வாக்குகளால் முந்தினார். 2015இல் மைத்திரி, மேற்சொன்ன 281. 2019இல் கோட்டாபய ராஜபக்ச 24,505. 2024இல் சஜித் பிரேமதாச. ஐந்து தேர்தல்களிலும் ஒவ்வொரு முறையும் எதிர்ப்பக்கத்துக்கே சாய்ந்த மாவட்டம் இது. பக்கத்திலிருக்கும் மொனராகலை ராஜபக்சக்களுக்கு உறுதியாக நின்றது. மேலேயிருக்கும் நுவரெலியா அவர்களுக்கு எதிராக அதே உறுதியுடன் நின்றது. நடுவில் பதுளை மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

இந்த ஆட்டத்துக்குக் கொழும்புப் பத்திரிகைகள் வழக்கமாகத் தரும் விளக்கம் எளிமையானது. மலையகத் தலைவர்கள் இந்தப் பக்கம் வந்தால் தோட்ட வாக்குகள் இந்தப் பக்கம் வரும். அந்தப் பக்கம் போனால் அங்கே போகும். வாக்கு வங்கியின் சாவி தலைவரின் மடியில் இருக்கிறது என்பது இதன் பொருள். முப்பது ஆண்டுகளாகத் தேர்தல் செய்திகளை எழுதியும் திருத்தியும் வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பதுளையின் கணக்கு இந்த விளக்கத்துக்குள் அடங்கவில்லை. தலைவர்கள் மாறிய போதெல்லாம் தோட்டங்கள் மாறவில்லை. தோட்டங்கள் மாறிய போது தலைவர்களைக் கேட்டு மாறவுமில்லை.

இதைப் புரிந்துகொள்ள முதலில் மாவட்டத்தின் மக்கள்தொகையைப் பார்க்க வேண்டும். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்டத்தில் இந்திய வம்சாவளித் தமிழர் என்று பதிவானோர் ஏறத்தாழ 18 வீதத்தினர். நுவரெலியாவில் இது பாதிக்கும் மேல். அங்கே சேவல் சின்னத்தில் தனித்து நின்றாலும் பாராளுமன்றம் போகலாம். பதுளையில் முடியாது. பசறை, ஹப்புத்தளை, ஹாலிஎல, பண்டாரவளை, பதுளை ஆகிய தொகுதிகளில் தோட்டங்கள் செறிந்திருக்க, மஹியங்கனை, வியலுவ, ஊவா பரணகம போன்றவை பெரும்பாலும் சிங்களக் கிராமங்கள். ஆகவே பதுளைத் தமிழ் வேட்பாளர் யாராயினும் ஒரு பெரிய கட்சியின் பட்டியலுக்குள் புகுந்தாக வேண்டும். சின்னம் மற்றவருடையது, வாக்கு நம்முடையது. ஊவாவின் தமிழ் அரசியல் முழுவதும் இந்த ஒரு நிர்ப்பந்தத்திலிருந்து கிளைத்ததுதான்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1947ஆம் ஆண்டு பொதுத் தேர்தலில் பதுளைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவானவர் இலங்கை இந்தியக் காங்கிரஸைச் சேர்ந்த எஸ்.எம். சுப்பையா. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை ஆகியோருடன் அவரும் அந்த முதல் பாராளுமன்றத்தில் அமர்ந்தார். இன்றைய பதுளை இளைஞர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும் என்று எனக்கு ஐயம். தெருவுக்குக் கூடப் பெயர் வைக்காத நகரம் மறப்பதில் வியப்பில்லை.

அந்த வெற்றிக்கு அடித்தளம் அதற்கு முன்பே இடப்பட்டிருந்தது. 1939 - 40 ஆண்டுகளில் மலைநாடெங்கும் எழுந்த வேலைநிறுத்த அலையில் பதுளைக்கு அருகிலுள்ள வேவெஸ்ஸ தோட்டம் தனி இடம் பெற்றது. லங்கா சமசமாஜக் கட்சியின் தொழிற்சங்கம் அங்கே வேரூன்றியது. தொழிலாளர் தங்களுக்கென ஒரு சபையைத் தெரிந்தெடுத்துக் கொண்டனர். துரையின் முன்னால் தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்து நின்ற காலம் அது என்பதை நினைவில் கொண்டால் அந்தச் சபையின் கனம் விளங்கும். 1947இல் காங்கிரஸ் வேட்பாளர் இல்லாத பல தொகுதிகளில் தோட்ட வாக்குகள் இடதுசாரிகளுக்குப் போயின. டி.எஸ். சேனநாயக்கவின் ஐக்கிய தேசியக் கட்சி இதைக் கவனிக்காமல் இல்லை.

பின்னர் நடந்தது வாசகர்கள் அறிந்ததே. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், அதே ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம். மூன்று அடிகளில் வாக்கு போனது. 1952இல் காங்கிரஸ் நடத்திய சத்தியாக்கிரகம் பயன் தரவில்லை; அவ்வாண்டுத் தேர்தலில் காங்கிரஸுக்கு ஓர் ஆசனமும் இல்லை.

அதிகம் பேசப்படாத ஒரு நுட்பம் இங்கே உண்டு. சோல்பரி அரசியல் யாப்பின்படி தொகுதிகள் பிரிக்கப்பட்டது 75,000 பேருக்கு ஓர் ஆசனம், 1,000 சதுர மைலுக்கு மேலும் ஓர் ஆசனம் என்ற கணக்கில். இங்கே எண்ணப்பட்டது மக்கள்தொகை. வாக்காளர் தொகை அல்ல. எனவே வாக்குப் பறிக்கப்பட்ட பின்னும் தோட்ட மக்கள் தலைக்கணக்கில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களுடைய தலைகளைக் கொண்டு உருவான ஆசனங்களுக்கு அயல் கிராமத்தவர் மட்டும் வாக்களித்தார்கள். மலைநாட்டுச் சிங்கள வாக்கின் பெறுமதி ஒரே நாளில் கூடியது. அமெரிக்க வரலாறு படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. 1787ஆம் ஆண்டு யாப்பில் ஓர் அடிமை ஐந்தில் மூன்று பங்கு மனிதனாக எண்ணப்பட்டான்; அந்த எண்ணிக்கையால் கூடிய ஆசனங்கள் அவனை அடிமையாக வைத்திருந்தோருக்கே கிடைத்தன. பிற்காலத்தில், கறுப்பினத்தவர் முழு மனிதராக எண்ணப்பட்டும், எழுத்தறிவுச் சோதனை, தலைவரி என்ற பெயர்களால் வாக்குச் சாவடிக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். எண்ணுவதற்கு மனிதர், வாக்களிப்பதற்கு அல்லர் என்ற ஏற்பாடு இரு நாடுகளிலும் ஒரே பயனைத் தந்தது.

அடுத்த கால் நூற்றாண்டு வாக்கில்லாத காலம். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. விடுபட்ட 150,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். பதுளை, தெமோதரை, பண்டாரவளை நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயில்களில் ஒரே குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. அவர்களின் பிள்ளைகள் இன்று கூடலூரிலும் கோத்தகிரியிலும் தமிழக வாக்காளர்கள். இந்தப் பக்கத்தைப் படிப்போரில் அவர்களும் இருக்கக்கூடும்.

இனி, வெளியார் பலர் என்னிடம் கேட்டிருக்கும் கேள்விக்கு வருகிறேன். வாக்கைப் பறித்தது ஐக்கிய தேசியக் கட்சி. அப்படியிருக்க, வாக்குத் திரும்பியதும் தோட்ட மக்கள் யானைக்கே வாக்களித்தது எப்படி?

இதற்கும் அமெரிக்காவில் ஒரு துணைச் சான்று உண்டு. ஆபிரகாம் லிங்கனின் குடியரசுக் கட்சிக்கு இரண்டு தலைமுறை வாக்களித்த கறுப்பின மக்கள், 1936இல் பெருவாரியாக ரூஸ்வெல்ட்டின் ஜனநாயகக் கட்சிக்கு மாறினார்கள். தென் மாநிலங்களில் அவர்களை ஒடுக்கி வைத்திருந்ததும் அதே ஜனநாயகக் கட்சிதான். நினைவு முக்கியமில்லையா என்றால், முக்கியம்தான். ஆனால் பசி அண்மையது. பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் வேலையும் நிவாரணமும் தந்தவன் பக்கம் மக்கள் போனார்கள். பின்னர் 1964இல் ஜோன்சன் சிவில் உரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்ட போது தெற்கு வெள்ளையர்கள் அக்கட்சியை விட்டு வெளியேறத் தொடங்கினர். அவ்வாண்டு கோல்ட்வாட்டர் வென்ற ஆறு மாநிலங்களில் ஐந்து ஆழ்தெற்கைச் சேர்ந்தவை. நிக்சன் அதையே ஒரு தேர்தல் உத்தியாக்கினார்.

ஊவாவில் அந்த அண்மைய பசி 1973 - 74 ஆண்டுகளினுடையது. சிறிமாவோ பண்டாரநாயக்கவின் ஆட்சியில் மாவும் அரிசியும் அரிதாகி, வேலை நாட்கள் குறைந்து, தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களின் போது பல தோட்டங்களிலிருந்து தொழிலாளர் விரட்டப்பட்டனர். மண்ணை எடுத்தவன் சோற்றையும் எடுத்தான் என்பதே லயங்களில் நிலைத்த நினைவு. அந்த நினைவின் மீதுதான் 1977இல் ஜே.ஆர். ஜெயவர்த்தனவும் தொண்டமானும் கைகுலுக்கினர். நுவரெலியா - மஸ்கெலியா மூன்று அங்கத்தவர் தொகுதியில் தொண்டமான் வென்றார், 1978இல் அமைச்சரானார்.

யானைக்குக் கிடைத்த இந்த நம்பிக்கை கண்மூடித்தனமானது அன்று. 1983 ஜூலையில் பதுளை நகரத் தமிழ்க் கடைகள் எரிந்த போது ஆட்சியில் இருந்ததும் அதே யானைதான். தொண்டமான் அமைச்சரவையில் இருந்தார். அவர் பதவியை விட்டிருக்க வேண்டும் என்று அன்று சொன்னவர்கள் பலர். அவர் விடவில்லை. 1986 தைப்பொங்கலன்று தொடங்கிய பிரார்த்தனைப் போராட்டம் அதற்கான விடை. வேலைநிறுத்தம் என்று சொல்லாமல், காலையில் மலைக்குப் போகாமல் கோயிலில் கூடிப் பிரார்த்தித்தார்கள். அவ்வாண்டே 5ஆம் இலக்கச் சட்டம் நாடற்றோர் பிரச்சினையைத் தீர்க்கும் வழியைத் திறந்தது. 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம் ஒரு சத்தியக் கடதாசியோடு பிரஜாவுரிமை பெறும் வழியைத் தந்தது. 1988 டிசம்பர் 19இல் ஜனாதிபதித் தேர்தல். ரணசிங்க பிரேமதாச, சிறிமாவோவை விட 279,339 வாக்குகள் அதிகம் பெற்று வென்றார். கணக்கை நான் விரித்துக் காட்ட வேண்டியதில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முன் வாக்கைப் பறித்த கட்சி, அதைத் திருப்பிக் கொடுத்து அதனாலேயே ஆதாயமும் கண்டது.

1989 முதல் விகிதாசாரத் தேர்தல். இம்முறையின் இயக்கத்தைத் தெரியாதவர்க்குப் பதுளையின் உத்திகள் விளங்கா. வாக்காளர் முதலில் ஒரு கட்சிக்குப் புள்ளடி இடுகிறார். பிறகு அக்கட்சியின் வேட்பாளர்களில் மூவருக்கு விருப்பு வாக்கு அளிக்கலாம். கட்சிக்கு எத்தனை ஆசனம் என்பதைப் புள்ளடியும், அவற்றில் யார் அமர்வது என்பதை விருப்பு இலக்கமும் தீர்மானிக்கின்றன. சிங்கள வேட்பாளர்கள் பத்துப் பேருக்கு விருப்பு வாக்குகள் சிதறும் போது, தோட்ட மக்கள் ஒரே இலக்கத்தை இறுகப் பற்றினால், 18 வீதத்தினர் தங்கள் பலத்துக்கு மேற்பட்ட இடத்தைப் பெறலாம். பற்றாமல் பிரிந்தால் ஒருவருக்கும் இல்லை.

ஆகவே ஊவாவில் பிரசாரம் என்றால் மேடைப் பேச்சு அல்ல, இலக்கம் கற்பித்தல். பெரட்டுக்களத்திலும் கோயில் முற்றத்திலும் மாதிரி வாக்குச் சீட்டை விரித்து, எந்தச் சின்னம், எந்த இலக்கம் என்று சொல்லிக் கொடுப்பது. இதற்கான ஆட்களை எந்தக் கட்சியும் புதிதாகத் தேட வேண்டியதில்லை. தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர், மாவட்டத் தலைவர், மாதர் சங்கத் தலைவி ஆகியோர் இருக்கிறார்கள். மாதச் சம்பளத்தில் சந்தா பிடித்து இயங்கும் சங்கமே தேர்தல் காலத்தில் கட்சியாகிறது. அமெரிக்கக் கட்சிகள் கோடிக்கணக்கில் டாலர் செலவழித்து வீடுவீடாகத் தட்டுகின்றன. இங்கே வீடு அனைத்தும் ஒரே வரிசையில் இருக்கின்றன.

பெரும்பான்மைக் கட்சிகளும் இதை நன்கு அறியும். தமிழ் வேட்பாளர் ஒருவருக்குப் பதில் இருவரையோ மூவரையோ பட்டியலில் சேர்ப்பார்கள். கட்சிக்குப் புள்ளடி பெருகும். தமிழ் விருப்பு வாக்கு பிளவுபடும். பெருந்தன்மை போலத் தோன்றும் இந்தத் தாராளம் பல தேர்தல்களில் நம்மவரை வெளியே நிறுத்தியிருக்கிறது. 2010 பொதுத் தேர்தலில் பதுளையிலிருந்து ஒரு தமிழரும் நேரடியாகத் தெரிவாகவில்லை.

ஓர் ஆசனத்தின் பெறுமதி எவ்வளவு என்பதை 1994இல் நாடு கண்டது. நுவரெலியாவில் வென்ற பெ. சந்திரசேகரனின் ஒற்றை வாக்கு சந்திரிகாவின் கூட்டணியை 113க்குக் கொண்டு சேர்த்தது. அதன்பின் மலையகத் தலைவர்கள் எல்லோருக்கும் ஒரு பாடம் மனத்தில் பதிந்தது. எதிர்க்கட்சிச் சின்னத்தில் வென்று ஆளும் கட்சியோடு பேரம் பேசலாம். 2004இல் யானைப் பட்டியலில் வென்ற இ.தொ.கா., சில மாதங்களில் அரசில் சேர்ந்தது. அதே பட்டியலில் பதுளையிலிருந்து வந்த வடிவேல் சுரேஷ் பின்னர் மகிந்த அரசில் பிரதி அமைச்சரானார். 2015இல் மீண்டும் யானைப் பட்டியலில் வென்றார். 2020இல் சஜித்தின் தொலைபேசிச் சின்னத்தில் வென்ற அ. அரவிந்தகுமார், அவ்வாண்டு அக்டோபரில் 20ஆவது திருத்தத்துக்கு ஆதரவாக வாக்களித்துப் பின்னர் இராஜாங்க அமைச்சரானார். இவர்களைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. தோட்டத்துக்கு ஒரு பாதை, ஒரு பாடசாலைக் கட்டடம், சில நியமனங்கள் அரசில் இருந்தால்தான் வரும் என்று அவர்கள் கூறும் வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் மக்கள் கொடுத்த கட்டளை ஒன்று, தலைவர் போன திசை வேறு.

மக்கள் அத்திசையில் பின்தொடர்ந்தார்களா? 2010இல் இ.தொ.கா.வும் மலையக மக்கள் முன்னணியும் மகிந்தவை ஆதரித்தன. போர் வெற்றியின் உச்சம் அது. ஆனாலும் நுவரெலியா சரத் பொன்சேகாவுக்கே சென்றது. பதுளையில் மகிந்த வென்றது உண்மை. எனினும் தேசிய அளவில் 58 வீதம் எடுத்த அவர் இங்கே 53 வீதத்தோடு நின்றார். தோட்டத் தொகுதிகளே அவரைக் கீழே இழுத்தன என்பது என் வாசிப்பு.

இப்போது 2014. ஊவா மாகாண சபைத் தேர்தல் செப்டெம்பர் 20இல் நடந்தது. மகிந்த அரசு தன் செல்வாக்கைப் பரிசோதிக்கத் தேர்ந்தெடுத்த களம் இது. பரிசோதனைக்கு முன்னர் அளவுகோலையும் கொஞ்சம் திருத்திக் கொண்டார்கள். 2009இல் பதுளைக்கு 21, மொனராகலைக்கு 11 என்றிருந்த ஆசனங்கள், 2014இல் 18, 14 என்றாயின. மொனராகலை ராஜபக்சக்களின் கோட்டை. முதலமைச்சர் சசீந்திர ராஜபக்ச அங்குதான் போட்டியிட்டார். தோட்டங்களும் எதிர்ப்பு வாக்குகளும் செறிந்த பதுளை மூன்று ஆசனங்களை இழந்தது. வரட்சியில் கிராமங்கள் தண்ணீருக்குத் தவித்த காலம். அமைச்சர்கள் வரிசையாக வந்து இறங்கினர். மலையகத் தொழிற்சங்கக் கட்சிகளில் பெரியவை அனைத்தும் அரசின் பக்கம் நின்றன.

எதிர்த்தரப்பில் ஹரின் பெர்னாண்டோ பாராளுமன்ற ஆசனத்தைத் துறந்து முதலமைச்சர் வேட்பாளராக வந்தார். அவர் விட்ட ஆசனத்துக்குப் பட்டியலில் அடுத்திருந்த கே. வேலாயுதம் வந்ததால், 2010இல் கிடைக்காத தமிழ்ப் பிரதிநிதித்துவம் தற்செயலாகக் கிடைத்தது. உத்தி என்று பார்த்தால் மிக நேர்த்தியானது. ஒரு ராஜினாமாவில் கிராமத்துக்கு ஓர் இளம் சிங்களத் தலைவரும் தோட்டத்துக்கு ஒரு தமிழ் உறுப்பினரும்.

முடிவு: அரசுக்கு 19 ஆசனங்கள், ஐ.தே.க.வுக்கு 13, ஜே.வி.பி.க்கு 2. வென்றது அரசு. ஆனால் 2009இல் 72 வீதமாக இருந்த அதன் வாக்கு 51 வீதமாகச் சரிந்திருந்தது. பதுளை மாவட்டத்தில் அது பாதிக்கும் கீழே போயிற்று. சிங்களக் கிராமங்களும் நகர்ந்தன, முஸ்லிம்களும் நகர்ந்தனர், தோட்டங்கள் தம் சங்கத் தலைவர்களின் சொல்லை மீறின. இருபது வீதச் சரிவைத் தோட்டங்களால் மட்டும் உண்டாக்க முடியாது, கணக்கு இடம் தராது. ஆனால் சங்கத்தில் சந்தா கட்டுபவன் சங்கத்தின் சின்னத்துக்கே புள்ளடி இடுவான் என்ற நம்பிக்கை அன்று ஊவாவில் உடைந்தது. சந்தாவைச் சம்பளத்திலிருந்து வெட்டலாம். வாக்கை அப்படி வெட்ட முடியாது.

அதற்குப் பிறகு ஐந்து வாரங்களும் சில நாட்களும். 2014 அக்டோபர் 29 காலை, கொஸ்லந்தைக்கு அருகில் மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் மீது மலை இறங்கியது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. மக்களுக்குப் போக வேறு இடம் இல்லை. காணி அவர்களுடையதன்று, வீடும் அவர்களுடையதன்று. புதைந்தவர்களில் பலரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. நூற்றைம்பது ஆண்டு கால வரலாறு ஒரு காலைப்பொழுதில் எல்லார் கண்ணிலும் பட்டது. ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் என்ற கோரிக்கை அடுத்த தேர்தலின் மையத்துக்கு வந்தது அந்தச் சேற்றிலிருந்துதான்.

டிசம்பரில் திகாம்பரமும் இராதாகிருஷ்ணனும் அரசை விட்டு விலகி மைத்திரியின் அன்னச் சின்னத்தை ஆதரித்தனர். இ.தொ.கா. மகிந்தவோடு நின்றது. விலகியவர்களின் துணிச்சலைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் செப்டெம்பரில் ஊவா மக்கள் காட்டிய பாதையில்தான் டிசம்பரில் அவர்கள் நடந்தார்கள். ஜனவரி 8இல் மஹியங்கனைப் பக்கம் மகிந்தவுக்கு, பசறை, ஹப்புத்தளைப் பக்கம் மைத்திரிக்கு என்று மாவட்டம் இரண்டாகப் பிளந்தது. கூட்டிக் கழித்ததில் மிஞ்சியது 281. தோட்டங்கள் சங்கத் தலைமையின் சொல்லைக் கேட்டிருந்தால் இந்த எண் வேறு பக்கத்தில், பல ஆயிரங்களாக நின்றிருக்கும்.

சில நாட்களில் ஹரின் ஊவாவின் முதலமைச்சரானார். நான்கு மாதங்களுக்கு முன் மக்கள் தெரிவு செய்த அதே சபை, அதே உறுப்பினர்கள். கொழும்பில் காற்று மாறியதும் பதுளையிலும் கைகள் மாறின. ஆகஸ்ட் பொதுத் தேர்தலில் யானை இம்மாவட்டத்தில் கிட்டத்தட்ட 55 வீதம் பெற்று எட்டில் ஐந்து ஆசனங்களை எடுத்தது. வடிவேல் சுரேஷ், அரவிந்தகுமார் என இருவர் தெரிவாயினர். 2018இல் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆவது பிரிவு திருத்தப்பட்டு, தோட்டங்களுக்குள் பிரதேச சபைகள் செலவழிக்க இருந்த தடை நீங்கியது. ஊடகங்களில் ஒரு நாள் செய்தி. ஆனால் 1987 முதல் வாக்களித்தும் தன் லயத்துக்கு ஒரு தெருவிளக்கைக் கேட்க முடியாமல் இருந்தவனுக்கு அது சிறிய விடயம் அன்று.

2020இல் மொட்டு அலை மாவட்டத்தின் ஒன்பது ஆசனங்களில் ஆறை வாரிக்கொண்டது. எஞ்சிய மூன்றில் இரண்டில் அமர்ந்தவர்கள் அதே சுரேஷும் அரவிந்தகுமாரும். தோற்ற கட்சியின் மூவரில் இருவர் தமிழர். விருப்பு வாக்கை இறுக்கிப் பிடித்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. மொட்டுப் பட்டியலில் நின்ற இ.தொ.கா.வின் செந்தில் தொண்டமான் தோற்றார். ஆளும் பக்கத்தில் நின்றவர் வீட்டிலும் எதிர்ப்பக்கத்தில் நின்றவர்கள் சபையிலும் இருந்தனர்.

எனவேதான் 2024 என்னைப் போன்றோருக்கு அதிர்ச்சி. செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் பதுளை வழமை போல் சஜித்தை முந்தவிட்டது. நவம்பர் 14 பொதுத் தேர்தலில் அதே மாவட்டம் தேசிய மக்கள் சக்திக்கு ஒன்பதில் ஆறு ஆசனங்களைக் கொடுத்தது. இடையில் எட்டே வாரங்கள். அந்த ஆறு பேரில் கிட்ணன் செல்வராஜ், அம்பிகா சாமுவேல் என இரு தமிழர்கள். மலையகப் பெண்கள் பாராளுமன்றம் நுழைந்த முதல் தேர்தல் அது. அம்பிகா அவர்களில் ஒருவர். பழைய முகங்கள் எவையும் திரும்பவில்லை.

வரலாறு தெரிந்தவர்கள் ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. தேசிய மக்கள் சக்தியின் முதுகெலும்பு ஜே.வி.பி. அதன் தொடக்க கால ஐந்து வகுப்புகளில் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம் பற்றியது. தோட்டத் தொழிலாளரை அந்த விஸ்தரிப்பின் கருவியாகப் பார்த்த பாடம் அது. அக்கட்சியை மையமாகக் கொண்ட கூட்டணி 2023 அக்டோபரில் ஹட்டன் பிரகடனத்தை வெளியிட்டு, மலையகத் தமிழரை இந்நாட்டின் ஒரு மக்கள் சமூகமாக ஏற்றது. 1948இன் யானை 1988இல் மாறியது போல, 1970களின் பாடம் 2023இல் மாற்றி எழுதப்பட்டது. மக்கள் பழையதை மறந்துவிட்டார்கள் என்று இதைச் சொல்ல நான் தயாரில்லை. மூன்றாம் தலைமுறை இளைஞர்கள் கொழும்பில் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்குச் சந்தா இல்லை, பெரட்டு இல்லை, தோட்டத் தலைவர் இல்லை. தீபாவளிக்கும் தேர்தலுக்கும் ஊர் திரும்புகிறார்கள். கைப்பேசியில் பார்த்ததை அம்மாவிடம் சொல்கிறார்கள். மாதிரிச் சீட்டுப் பாடத்தை இப்போது நடத்துவது அவர்கள்.

அதே நவம்பரில் அமெரிக்காவிலும் இப்படி ஒன்று நடந்தது. டெக்சாஸ் எல்லையில் ஸ்டார் என்றொரு கவுண்டி. ஏறத்தாழ முழுவதும் மெக்சிக்க வம்சாவளியினர். 1892க்குப் பிறகு குடியரசுக் கட்சி வேட்பாளர் எவரையும் தெரிவு செய்யாத அந்த இடம் 2024இல் டிரம்ப்புக்கு வாக்களித்தது. அங்கே போன திசை வேறு, இங்கே போன திசை வேறு. ஆனால் இரண்டு இடங்களிலும் 'இவர்கள் நம்மவர்கள்' என்று எண்ணிக் கணக்கெழுதி வைத்திருந்த கட்சிகள் இரவோடிரவாகப் பேனாவைத் தேட வேண்டியதாயிற்று.

ஊவா மாகாண சபையின் பதவிக்காலம் 2019இல் முடிந்தது. அதன்பின் ஐந்தாண்டுகளுக்கு மேலாகியும் அதற்குத் தேர்தல் நடத்தப்படவில்லை, ஆளுநரே நிருவகிக்கிறார். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் பதுளை மாவட்டத்தில் மீண்டும் மண்சரிவுகள், மீண்டும் சாவுகள், மீண்டும் தற்காலிக முகாம்கள். மீரியபெத்தையில் தப்பியோருக்கு மாக்கல்தெனியவில் வீடுகள் கையளிக்கப்பட இரண்டாண்டுகள் எடுத்தன. அதற்குள் இரண்டு முறை சின்னம் காட்டி வாக்குக் கேட்கப்பட்டிருந்தது. ஊவா சபைக்கு அடுத்த முறை தேர்தல் அறிவிக்கப்படும் போது பதுளைக்கு 18 ஆசனங்களா 21 ஆசனங்களா என்பதை, வேட்பாளர் பட்டியலைப் பார்ப்பதற்கு முன்பே நான் பார்ப்பேன்.